வழுக்கி விழுந்த வகையில்

வேலூர்,
25.5.2025

அன்புள்ள எழில் அக்காவுக்கு,

கோபி எழுதுவது. ஒரு காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். நீ, மாறன் மாமா, பாப்பா மூன்று பேரும் சுகம்தானே?

இங்கே ஒரே ஒரு நம்பருக்குத்தான் பேச விடுகிறார்கள். அதை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். உனக்குக் கடிதம்தான். போலீஸ்காரி வீட்டுக்கு ஜெயிலிலிருந்து தபால் வந்தால் வேங்கிக்கால் தெருவே எட்டிப் பார்க்கும். பார்க்கட்டும். எல்லாக் கடிதத்தையும் ஆபீசில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்களாம். படிக்கிற சாருக்கும் என் வணக்கம்.

நடந்ததை அம்மா அழுதுகொண்டே அரைகுறையாகச் சொல்லியிருப்பாள். சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அடி அண்ணாமலை ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜீப் வந்தது. முந்தின நாள் என் வண்டியில் ஏறிய வெளியூர் அம்மா ஒருத்தியின் சங்கிலியைக் காணோமாம். "ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுப்பா" என்றார்கள். கையெழுத்துப் போட்டேன். போக விடவில்லை.

மறுநாள் மாஜிஸ்டிரேட் முன்னால் மாவுக்கட்டோடு படுத்திருந்தேன். வலது முழங்கால் சில்லு மூன்றாக உடைந்திருக்கிறது. 'ஸ்டேஷன் கழிப்பறையில் வழுக்கி விழுந்த வகையில்' என்று பேப்பரில் எழுதியிருந்தது. "எப்படிப்பா ஆச்சு?" என்று ஐயா கேட்டார். இன்ஸ்பெக்டர் கண்ணாயிரம் பக்கத்திலேயே நின்றார். வரும் வழியில் அவர் என்னிடம் அம்மாவின் கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்கு மூடுவாள் என்றெல்லாம் அக்கறையாக விசாரித்திருந்தார். "வழுக்கிட்டேங்க ஐயா" என்றேன்.

நீ வேலை பார்க்கிற ஸ்டேஷன்தான். நீ என் பெரியம்மா மகள் என்று நான் மூச்சுவிடவில்லை. அன்று உனக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டூட்டி என்று அம்மா ஃபோனில் சொன்னாள். நல்லதாய்ப் போயிற்று.

ஆட்டோ ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கிறது. மழை வந்தால் சீட் நனையும், பார்த்துக்கொள். அம்மாவையும் பார்த்துக்கொள். பாப்பாவுக்கு ஒரு முத்தம். படிக்கிற சார் அதை வெட்டிவிட வேண்டாம்.

தம்பி,
கோபி


வேங்கிக்கால்,
4.6.2025

அன்புத் தம்பி கோபிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். உன் உடல்நிலை அறிய ஆவல்.

சித்தியை இரண்டு முறை போய்ப் பார்த்தேன். கடை திறக்கிறாள், சாப்பிடுகிறாள். ஆட்டோ சீட்டின் மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டச் சொல்லிவிட்டேன்.

நீ எழுதியது சரி. அன்று எனக்கு பஸ் ஸ்டாண்ட் பந்தோபஸ்து. ஸ்டேஷன் ரைட்டர் என்றாலும் பௌர்ணமி சமயத்தில் எழுத்து வேலையை வைத்துவிட்டு வெளியே போகச் சொல்வார்கள். எனக்கு மட்டும் தெரிந்திருந்தால்

மேலே உள்ள வரியை அடித்துவிட்டதாக வைத்துக்கொள்.

யார் கேட்டாலும் மாஜிஸ்டிரேட்டிடம் சொன்னதையே சொல். மாற்றிப் பேசினால் கேஸ் நீளும். பதினான்கு வருஷமாகப் பார்க்கிறேன், வாயைத் திறக்காதவன்தான் சீக்கிரம் வீட்டுக்குப் போகிறான். சித்திக்கு உன்னை விட்டால் யாரும் இல்லை என்பதை மறக்காதே.

காலை அசைக்காதே. மாத்திரை கொடுத்தால் துப்பாமல் விழுங்கு.

இப்படிக்கு,
எழில்


வேலூர்,
16.6.2025

அக்கா,

சுகம், சுகமறிய ஆவல் என்றெல்லாம் நீ ஒழுங்காக எழுதிவிட்டாய். என் காலுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரவாயில்லை, நானே சொல்கிறேன்.

இந்த பிளாக்கில் மாவுக்கட்டோடு என்னைச் சேர்த்து ஏழு பேர். புதிதாக ஒருவன் வந்தால் ஊர் பேர் கேட்கிற வழக்கம் இங்கே இல்லை. "நீ எந்த ஸ்டேஷன்ல வழுக்குனே?" என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்துப் பாயில் படுக்கிற அப்பாசாமி அண்ணனுக்கு இரண்டு கையும் வழுக்கியிருக்கிறது. அவருக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன். "எல்லா ஸ்டேஷன் கக்கூஸையும் ஒருதபா நல்லா தேச்சுக் கழுவிட்டா, பாதி எலும்பு டாக்டருங்க கடையச் சாத்திடுவாங்க தம்பி" என்பார். சிரித்தால் அவருக்குக் கை வலிக்கும், எனக்குக் கால் வலிக்கும்.

என்னை நான்கு பேர் சேர்ந்து வழுக்கினார்கள். இரண்டு பேர் தோளை அமுக்கிக்கொள்ள, ஒருவர் உள்ளங்காலில் லத்தியால் வழுக்கினார். "செயினு எங்கடா, எங்கடா" என்று கேட்டுக் கேட்டு வழுக்கினார்கள். உள்ளங்கால் வெடித்து, நிற்க வைத்தால் தரையில் ரத்தம் ஒட்டியது. அப்புறம் என் காலை பெஞ்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் பாலம் மாதிரி நீட்டி வைத்து, கண்ணாயிரம் பூட்ஸோடு அதன்மேல் ஏறி ஒரு குதி குதித்து வழுக்கினார். உடைந்தது எனக்கே கேட்டது. கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்போமே, அதே சத்தம்தான். மூத்திரம் போய்விட்டேன். சட்டையைக் கழற்றி என்னையே துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன்.

படிக்கிற சாருக்கு: நான் வழுக்கி விழுந்ததைத்தான் எழுதியிருக்கிறேன், வேறு ஒன்றும் இல்லை.

இங்கே இருக்கிற டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "வழுக்கினா இப்படி உடையாதுப்பா, நெஜத்தைச் சொல்லு" என்றார். நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவர் எழுதிக்கொண்டார். இலவச சட்ட உதவி வக்கீல் அறிவுச்செல்வன் வந்தார். சின்ன வயசு, பெரிய பேனா. என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய மெமோவின் நகலை வாங்கி வந்திருந்தார். "இதை எழுதின ரைட்டர் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாதுங்க என்றேன்.

முத்து முத்தான எழுத்து அக்கா. 'வழுக்கி'யில் இருக்கிற 'ழு'வுக்கு வாலை வலது பக்கமாகச் சுருட்டியிருக்கிறது.

உன் கடிதத்தைத் தலைமாட்டில் மடித்து வைத்திருக்கிறேன். வக்கீல் பார்க்கவில்லை.

கோபி


வேங்கிக்கால்,
7.7.2025

அன்புள்ள கோபிக்கு,

நலம். நலமறிய ஆவல். சில நாளாக மணிக்கட்டு வலி. எனவே இதைக் கம்ப்யூட்டரில் அடித்து பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன். இனிமேலும் இப்படித்தான் அனுப்புவேன்.

ஊரில் நடந்ததை வேறு யாராவது சொல்லி நீ பதறுவதற்குள் நானே தெரிவிக்கிறேன். ஜூலை 2ஆம் தேதி காலை பத்தரை மணியளவில் அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை மறித்து சுமார் இருநூறு பேர் மறியல் செய்தார்கள். உனக்கு நியாயம் கேட்டுத்தான். கலைந்து போகும்படி எச்சரித்தும் கேட்கவில்லை. ஜீப் கண்ணாடி உடைந்தது. லேசான தடியடி நடத்தப்பட்டது. சித்திக்கு நெற்றியில் சிறு காயம். இப்போது நலமாக இருக்கிறாள்.

சனிக்கிழமை 'காவல்துறை–பொதுமக்கள் நல்லுறவுக் கூட்டம்' நடந்தது. பெரிய அதிகாரிகள் வந்து பேசினார்கள். பந்தல், நூறு நாற்காலி, டீ, பிஸ்கட். அடி அண்ணாமலையிலிருந்து ஒருவரும் வரவில்லை. நாங்களே மஃப்டியில் போய் உட்கார்ந்து கைதட்டினோம்.

வக்கீல் கேட்கிற பேப்பர்களைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். உன் நன்மைக்காகத்தான் சொல்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
எழில்


வேலூர்,
20.7.2025

எழில் அக்காவுக்கு,

மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? இங்கே மாவுக்கட்டுப் போட நல்ல ஆள் இருக்கிறார், அனுப்பட்டுமா?

மெக்கானிக் நூருல்லா பாய் மனுப் போட்டு என்னைப் பார்க்க வந்தார். வந்த மனுஷன் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதார். அம்மாவுக்குச் சிறு காயமா? ஒன்பது தையல் அக்கா. லத்தி நெற்றியில் இறங்கி, தோல் மடிந்து புருவத்தின் மேல் தொங்கியதாம். அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடுரோட்டில் உட்கார்ந்திருந்தாளாம். உப்பு மிளகாய் போட்டு மாங்காய் விற்கிற பொம்பளை அவள். அவள் மேல் ஏன் இப்படி?

எதிரே நின்ற போலீஸ் வரிசையில் நீயும் நின்றாயாம். ஹெல்மெட் போட்டிருந்தாலும் நூருல்லா பாய்க்கு உன்னைத் தெரியாதா? உனக்குப் பக்கத்தில் நின்றவள்தான் அடித்தாளாம். அம்மா உன்னைப் பார்த்தாளாம். கூப்பிடவில்லையாம்.

எனக்கு குண்டாஸ் போட்டுவிட்டார்கள். டாக்டரிடம் உண்மையைச் சொன்னதற்குப் பரிசு. இனி ஒரு வருஷம் ஜாமீன் கிடையாது. ஆட்டோக்காரன் கோபி சமூக விரோதி ஆகிவிட்டேன், கெட்டியான தாளில் சீல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒன்றை இவ்வளவு நாளும் எழுதாமல் வைத்திருந்தேன். இன்றைக்கு எரிச்சலில் எழுதுகிறேன். அன்று நீ பஸ் ஸ்டாண்டில் இல்லை. பக்கத்து அறையில் இருந்தாய். உன் குரல் கேட்டது. நீ ஒரு கேள்வி கேட்டாய், அதுவும் கேட்டது. அது என்ன கேள்வி என்று இங்கே எழுத மாட்டேன்.

'அக்கா' என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. கத்தியிருந்தால் உன்னையும் இழுத்துப் போட்டு, 'உன் தம்பியா, நீயே அடி' என்று லத்தியை உன் கையில் கொடுத்திருப்பார்கள். அந்தப் பயத்தில் பல்லைக் கடித்துக்கொண்டேன். பல் ஒன்று ஆடுகிறது.

இதைப் படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

கோபி


வேலூர்,
25.8.2025

அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அம்மாவிடம் ஃபோனில் கேட்டால் "அவ பேரை எடுக்காத" என்று வைத்துவிடுகிறாள்.

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் மடங்கவில்லை. பிரேக்கை மிதிக்கிற காலாச்சே, இனி ஆட்டோ ஓட்டுவது கஷ்டம் என்கிறார் டாக்டர். அப்பாசாமி அண்ணனுக்கு ஒரு கை சரியாகிவிட்டது. இப்போது அவர் எனக்கு ஊட்ட வருகிறார், வேண்டாமென்றாலும் கேட்பதில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். எழுதினது பொய் இல்லை. ஆனாலும் நீ ஒரு வரி எழுது. டைப் அடித்தாவது எழுது.

கோபி


வேங்கிக்கால்,
12.9.2025

கோபி,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். கையால்தான் எழுதுகிறேன். 'ழு'வுக்கு வால் சுருட்டியிருக்கிறது, பார்த்துக்கொள். இதை அங்கே பிரித்துப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்ட் டூட்டி பொய். மே 13ஆம் தேதி காலையிலிருந்து நான் ஸ்டேஷனில்தான் இருந்தேன். உன்னை ஜீப்பிலிருந்து இறக்கும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எழுந்து போய், "சார், இவன் என் சித்தி பையன்" என்று சொல்ல அரை நிமிஷம் போதும். கண்ணாயிரத்தை எதிர்த்துப் பேசிய ஏட்டு ஒருவரை ஆறு மாதம் வெயிலில் நிற்க வைத்ததைப் பார்த்தவள் நான். பயந்தேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், கிடைக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தார்கள். நான் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தேன். உள்ளங்கால் அடி ஒவ்வொன்றும் சுவர் வழியாக என் மேஜைக்கு வந்தது. தண்ணீர் டம்ளர் அதிர்ந்தது. நீ கத்தினாய். ஒரு கட்டத்துக்கு மேல் கத்தவில்லை. மயங்கிவிட்டாய் என்று நினைத்து நிம்மதியாக இருந்தது. ஆமாம், நிம்மதியாக இருந்தது.

அப்போது உள்ளேயிருந்து கண்ணாயிரம் குரல் கொடுத்தார். "எழிலு, ஆஸ்பத்திரி மெமோ ஒண்ணு ரெடி பண்ணிடு. கால் எலும்பு முறிவு. கழிப்பறைன்னு போட்டுக்க."

அப்போது உன் கால் முறிந்திருக்கவில்லை, கோபி.

மெமோவில் வலதா இடதா என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்புவார்கள். எத்தனை மெமோ எழுதியிருக்கிறேன்! பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போதும் கேட்கிற மாதிரியே கேட்டேன்: "எந்தக் கால் சார்?"

"ம்... வலதுன்னு போடு" என்றார். வலது என்று எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. நீ கேட்டதாகச் சொன்ன கேள்வி இதுதான். நீ எழுதாமல் விட்டதை நான் எழுதிவிட்டேன்.

இன்னொன்று. எங்கள் ஸ்டேஷன் கழிப்பறைச் சுவர் ஏப்ரல் மாத மழையில் இடிந்து, கதவைப் பூட்டிச் சாவியை மேஜையில் போட்டுவிட்டார்கள். பெண் போலீசார் ஆத்திர அவசரத்துக்கு எதிரே இருக்கும் சத்திரத்துக்குத்தான் ஓடுகிறோம். 'உபயோகத்தில் இல்லை, பூட்டப்பட்டுள்ளது' என்று ஏப்ரல் 19ஆம் தேதி ஸ்டேஷன் டைரியில் எழுதியவளும் நான்தான். பூட்டிக் கிடக்கிற கழிப்பறையில் நீ வழுக்கி விழுந்ததாக மே 13ஆம் தேதி அதே டைரியில் எழுதியவளும் நான்தான். அவர்களை மாட்டிவிட வேண்டுமென்று தெரிந்தே எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை. எல்லோரும் அங்கேதான் விழுவார்கள். பழக்கத்தில் கை எழுதிவிட்டது. வக்கீலை அந்த இரண்டு பக்கங்களையும் கேட்டு வாங்கச் சொல்.

சங்கிலி மே 14ஆம் தேதியே கிடைத்துவிட்டது. ரவிக்கைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்திருந்தாளாம் அந்த அம்மா. ஃபோன் செய்து, "அந்த ஆட்டோக்காரத் தம்பியை விட்டுடுங்க, பாவம்" என்றாள். ஃபோனை எடுத்தவளும் நான். கண்ணாயிரத்திடம் சொன்னேன். "கால் ஒடைஞ்சவன எப்படி விடுறது?" என்று கேட்டார். நான் என் மேஜைக்குத் திரும்பினேன்.

சித்தியை நான் அடிக்கவில்லை. அடிக்கிற கையைப் பிடிக்கவும் இல்லை.

எழில்,
தலைமைக் காவலர், ஸ்டேஷன் ரைட்டர்


வேலூர்,
23.9.2025

அக்கா,

உன் கடிதத்தை, எங்கள் தபாலைப் பிரித்துப் படிக்கிற சாரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். எப்போதும் வீசிவிட்டுப் போகிற மனுஷன். "பத்திரமா வைப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உன் மேல் கோபம் வரவேண்டும் என்று மூன்று நாள் காத்திருந்தேன். வருகிறது, போகிறது. ஒரு நேரம் உன்னைக் கழுத்தை நெரிக்கலாம் போல இருக்கிறது. இன்னொரு நேரம், திறந்த டிபன் பாக்ஸோடு நீ உட்கார்ந்திருந்தது கண்ணில் வருகிறது.

வக்கீலிடம் இதைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் எனக்கு விடுதலை, உனக்கு வேலை போய்விடும், ஜெயிலும் வரலாம். பாப்பா நாலாவதுதான் படிக்கிறாள். என் கால் போனது போனதுதான், உன் வேலையும் போய் என்ன ஆகப் போகிறது? குண்டாஸ் ஒரு வருஷம்தானே, இருந்துவிட்டு வருகிறேன். நீயும் யாரிடமும் சொல்லித் தொலைக்காதே. இந்த ஒரு தடவை தம்பி பேச்சைக் கேள்.

கோபி


கீழ்பென்னாத்தூர்,
30.10.2025

தம்பி கோபிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே மாஜிஸ்டிரேட் முன் போய்ச் சொல்லிவிட்டேன். அடித்தது, பொய்யாக எழுதியது, டைரியின் இரண்டு பக்கங்கள், சங்கிலி கிடைத்தது எல்லாம். ஐயா கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எந்தக் கால் என்று நான் கேட்டதைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் முதல் ஸ்டேஷனில் என் நாற்காலி இல்லை. என் டம்ளரில் யாரோ காறித் துப்பி வைத்திருந்தார்கள். கூடப் பயிற்சி எடுத்தவள் ஒருத்தி, "ஏன்டி, சோறு போட்ட யூனிஃபார்மையே கடிக்கிறியே" என்றாள். பிறகு இந்த ஊருக்கு மாற்றல்.

தசரா லீவில் பாப்பாவை அவள் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு வேங்கிக்காலிலிருந்து ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். பட்டப்பகல். பின்னால் வந்த நம்பர் இல்லாத கார் ஒன்று இடித்துத் தள்ளியது. விழுந்த பிறகு இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். தூக்கிவிட வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவன் என் இடது கையை ரோட்டில் மிதித்துப் பிடித்துக்கொண்டான், இன்னொருவன் இரும்புத் தடியால் அடித்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது அடியில் முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. கடலைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மண்வெட்டியோடு கத்திக்கொண்டு ஓடிவந்ததால் தப்பித்தேன்.

ஆஸ்பத்திரியில் வாக்குமூலம் வாங்க ஒரு சின்னப் பெண் வந்தாள், புதுப் போலீஸ். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே 'வண்டி வழுக்கி விழுந்த வகையில்' என்று பாதி எழுதியிருந்தாள். யார் சொன்னது என்று கேட்டால் முழிக்கிறாள். "அடிச்சுடு அந்த வரியை. நான் சொல்றதை மட்டும் எழுது. எழுதினதைப் படிச்சுக் காட்டு. அப்புறம்தான் கையெழுத்து" என்றேன். அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள். நன்றாகவே எழுதினாள்.

எழுதுகிற கை நன்றாக இருக்கிறது, கவலைப்படாதே. மாமா என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார், ஆனால் சோறு பிசைந்து கொடுக்கிறார்.

உன் அக்கா,
எழில்


அடி அண்ணாமலை,
12.12.2025

எழில் அக்காவுக்கு,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். கை எப்படி இருக்கிறது? ஹைகோர்ட்டில் குண்டாஸை ரத்து செய்துவிட்டார்கள், கார்த்திகை தீபத்துக்கு நான்கு நாள் முன்னால் வெளியே வந்துவிட்டேன். சங்கிலிக்கார அம்மாவும் கோர்ட்டில் வந்து சொல்லிவிட்டாள். கண்ணாயிரம் சஸ்பெண்டில் இருக்கிறார். கால் மடங்காது. மெதுவாக நடக்கிறேன். நூருல்லா பாய் ஆட்டோவில் பிரேக்கைக் கைக்கு மாற்றித் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். நானும் ஒற்றைக்காலில்தான் நிற்கிறேன்.

புதிதாக வந்திருக்கிற இன்ஸ்பெக்டர் அம்மா போன வாரம் மறுபடியும் நல்லுறவுக் கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவை ஊரில் பாதிப் பேர் போனோம், என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போமே என்று. அந்த அம்மா பேச ஆரம்பித்ததுமே பாய் எழுந்து, "மேடம், பேச்செல்லாம் அப்புறம். மொதல்ல அந்தக் கக்கூஸைக் காட்டுங்க" என்றார். ஒரே சிரிப்பு. அந்த அம்மா சிரிக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு எல்லோரையும் பின்பக்கம் கூட்டிப்போய்த் திறந்து காட்டினார்கள். சுவர் இன்னும் இடிந்தேதான் கிடக்கிறது. "இதுல யாரும் விழலை. அது எங்களுக்கும் தெரியும்" என்றார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்தோம்.

ஃபோனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். உன் நம்பரைப் போட்டுப் போட்டு வைத்துவிட்டேன். உன் குரலை நினைத்தால் அந்த ஒரு கேள்விதான் காதில் விழுகிறது. கொஞ்ச நாள் ஆகட்டும்.

கண்ணாயிரம், மற்ற மூன்று பேர் மேல் கோர்ட்டில் புகார் கொடுக்கப் போகிறோம். உன் பெயரை எடுத்துவிடலாம், சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார் வக்கீல். ரொம்ப யோசித்தேன். எடுக்கவில்லை அக்கா. நீ எழுதினது எழுதினதுதானே. ஐந்தாவதாக உன் பெயர் இருக்கிறது. 'மேலதிகாரியின் நிர்ப்பந்தத்தின் பேரில் எழுதினார்' என்று போட்டிருக்கிறோம். அந்தக் கேள்வியைப் போடவில்லை. அதை வக்கீலுக்குக்கூடச் சொல்லவில்லை. உன் கடிதத்தில் அந்தப் பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

நகல் இதோடு இருக்கிறது. புகார் எழுதுவதில் உன்னை மிஞ்ச ஆள் இல்லை. தப்பு இருந்தால் திருத்திக் கொடு.

அம்மாவிடம் எல்லாம் படித்துக் காட்டினேன், அந்த ஒன்றைத் தவிர. நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "கை ஒடைஞ்சி கெடக்கறா, ஞாயித்துக்கெழம வரச் சொல்லு. கருவாட்டுக் கொழம்பு வைக்கிறேன்" என்றாள். வா.

கோபி


கீழ்பென்னாத்தூர்,
17.12.2025

அன்புத் தம்பி கோபிக்கு,

நலம். நீ நடப்பதாக எழுதியதைப் பலமுறை படித்தேன்.

புகாரைத் திருத்தி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் பக்கத்தில் தேதி தவறு, 13 என்று இருக்க வேண்டும். கண்ணாயிரத்தின் பெயருக்குப் பக்கத்தில் அன்று அவர் வகித்த பதவியைச் சேர்த்திருக்கிறேன், இல்லாவிட்டால் திருப்பிவிடுவார்கள். இரண்டாம் பக்கத்தில் 'அடித்தார்கள்' என்று பொத்தாம்பொதுவாக இருந்தது. யார், எதனால், எங்கே என்று பிரித்து எழுதியிருக்கிறேன்.

நான்காம் பக்கத்தில் 'மேலதிகாரியின் நிர்ப்பந்தத்தின் பேரில்' என்பதை அடித்துவிட்டேன். என்னை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை. எழுதச் சொன்னார், எழுதினேன். 'எழுதினார்' என்பது மட்டும் போதும்.

அதற்கு மேலே ஒரு வரியை என் கையால் சேர்த்திருக்கிறேன். "கால் முறிவதற்கு முன்பே, மெமோவில் எழுதுவதற்காக, 'எந்தக் கால் சார்?' என்று ஐந்தாம் எதிரி கேட்டார்; அதன் பிறகே வலது கால் முறிக்கப்பட்டது." நீ எடுத்து வைத்திருக்கும் பக்கத்தை வக்கீலிடம் கொடுத்துவிடு.

சித்தி கூப்பிட்டதாக எழுதியிருந்தாய். கோர்ட்டில் கொடுப்பதற்கு முன்னால் இந்தப் புகார் முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டு. நான்காம் பக்கத்தை விட்டுவிடாதே, மெதுவாகப் படி. கேட்ட பிறகும் அவள் வரச் சொன்னால், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உன் அக்கா,
எழில்